ஒரு பள்ளிக்கு ஒரு பிள்ளை

சாந்தோம்
10-7-1972

மச்சான் வில்லியத்துக்கு,

பவுல்சாமி எழுதுவது. நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். பிறத்தியார் வயிற்றெரிச்சலில் சில பேருக்கு உடம்பு தேறும்.

நேற்று பூசை முடிந்து கோயில் வாசலில் நான் கத்தியது தப்பு என்று உன் அக்கா சொல்கிறாள். குரல் கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது, ஒப்புக்கொள்கிறேன். பஸ்ஸில் 'உள்ளே போ, உள்ளே போ' என்று கத்திக் கத்தி, இப்போது ரகசியம் பேசினாலும் பட்டினப்பாக்கம் வரை கேட்கிறது. அதனால்தான் இந்த இன்லண்டு கடிதம். காகிதத்தில் எனக்குத் தொண்டை கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். அடையாறில் ஓய்வு பெற்ற காலேஜ் அம்மா ஒருவர் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு நடத்தப் போகிறார். கார்ப்பரேஷன் ஸ்கூல் பிள்ளைகளுக்கு மட்டும். எட்டாவதில் சேர்த்தால், பின்னால் காலேஜில் இடம் வாங்கிக் கொடுப்பது வரை அவர்கள் பொறுப்பு. ஒரு பள்ளிக்கு ஒரு பிள்ளை. பெயரை எழுதி அனுப்ப வேண்டியவர் கணக்கு வாத்தியார். உன் பள்ளியில் கணக்கு வாத்தியார் நீ. எட்டாவதில் கணக்கில் முதல் பிள்ளை என் மகள் ஜோன். நீ அனுப்பிய பெயர் நஸ்ருன்னிசா.

நஸ்ருன்னிசா நல்ல பெண். ஜோனோடு எங்கள் வீட்டுக்கு வந்து, என் காக்கிச் சட்டையைப் பார்த்து "அங்கிள், போலீஸா?" என்று கேட்டவள். அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன். ஆனால் கணக்கில் அவள் இரண்டாவது. இதை நான் சொல்லவில்லை. நீ சொன்னாய், ஈஸ்டர் அன்று என் வீட்டில் கோழிக்காலைக் கடித்துக்கொண்டு. "மாமா, ஜோன் கணக்கைப் போடறதே இல்ல, பார்த்தாலே அவளுக்குத் தெரியுது. என் சர்வீஸ்ல இப்படி ஒரு பிள்ளைய நான் பார்த்ததில்ல." கோழி உன் வயிற்றுக்குள் போயிற்று. வார்த்தை எங்கே போயிற்று?

நான் எட்டாங்கிளாஸில் இரண்டு வருஷம் குடியிருந்தவன். மூன்றாவது வருஷம் வாடகை கேட்பார்கள் என்று பயந்து காலி செய்துவிட்டேன். எனக்குப் போய் இந்த மாதிரிப் பிள்ளை எப்படி என்று பங்குச் சாமியாரே ஒரு தரம் என்னை மேலும் கீழும் பார்த்தார். எப்படியோ வந்துவிட்டாள். வந்ததை விடுவதாக இல்லை. பெயர் கொடுக்க இந்த மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறதாம். மாற்றி எழுது.

எழுதாவிட்டால் பவுல்சாமி தமாஷ் பேசிவிட்டுப் போய்விடுவான் என்று நினைக்காதே. தமாஷ் பேசிக்கொண்டேதான் பழி வாங்குவேன்.

பவுல்சாமி


மயிலாப்பூர்
14-7-1972

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

வில்லியம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. தங்கள் கடிதம் கிடைத்தது. அதில் உண்மைக்கு மாறாக எதுவும் இல்லை. ஜோன்தான் முதல். நஸ்ருன்னிசாவுக்கும் அவளுக்கும் உள்ள தூரமும் கொஞ்சமல்ல. இதை நான் யாரிடமும் மறுக்கவில்லை, மறுக்கவும் மாட்டேன்.

ஆனால் ஜோன் என் அக்கா மகள். ராயபுரத்தில் வேலை பார்த்தபோது எனக்கு நேர்ந்தது தாங்கள் அறிந்ததே. என் சித்தப்பாவின் பேரனுக்குக் கட்டுரைப் பரிசு கொடுத்தேன். கட்டுரை நன்றாக இருந்தது, அதற்காக மட்டுமே கொடுத்தேன். மறுநாள் ஆசிரியர் அறைச் சுவரில் 'சொந்தக்காரப் பரிசு' என்று கரியால் எழுதியிருந்தது. விசாரணை நடந்தது. குற்றமில்லை என்று தீர்ப்பு வந்த பிறகும் ஒருவரும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. என் கையால் என் உறவுக்கு இனி எதுவும் போகக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். இன்று ஜோனின் பெயரை எழுதினால் நாளை அவளையும் பார்த்து அதையே சொல்வார்கள்.

மேலும், ஜோனைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அவள் எப்படியும் மேலே வந்துவிடுவாள். மூளை உள்ள பிள்ளையை யாராலும் அமுக்க முடியாது. நஸ்ருன்னிசாவுக்குத் தகப்பனார் இல்லை. கைதூக்கிவிட வேண்டியது அவளைத்தான். பெயரை மாற்ற இயலாது. மன்னிக்கவும்.

பி.கு: இதே கடிதத்தில் எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆதம்பாக்கத்தில் ஒரு வரன் அமைந்திருக்கிறது. பெண்ணின் பெயர் வெரோனிகா. அங்கேயே ஒரு பள்ளியில் ஆசிரியை. 23ஆம் தேதி ஞாயிறு பூசைக்குப் பிறகு அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் என்னைப் பற்றி விசாரிக்கத் தங்கள் வீட்டுக்கு வருவார்கள். அப்பா இல்லாத எனக்கு அந்த இடத்தில் தாங்கள்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு முப்பத்தாறு வயதாகிறது என்பது தங்களுக்கே தெரியும்.

தங்கள்,
வில்லியம்


சாந்தோம்
24-7-1972

மச்சான்,

நேற்று ஆதம்பாக்கத்துக்காரர்கள் வந்து போனார்கள். நீயும் ஆவலாக இருப்பாய் என்று ராத்திரியே எழுத உட்கார்ந்தேன். சிரிப்பு வந்து பேனா ஓடவில்லை. காலையில் எழுதுகிறேன்.

பெண்ணின் அப்பா தங்கமான மனிதர். வெள்ளை வேட்டி, கழுத்தில் உத்தரியம், முகத்தில் சாந்தம். சித்தப்பாக்காரர் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராம், எதையும் சந்தேகமாகப் பார்க்கும் கண். உன் அக்கா பில்டர் காப்பி கொடுத்தாள். அப்பா மெதுவாக ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை எப்படிங்க?"

"யாரு, வில்லியமா? என் சம்சாரத்தோட தம்பிங்க."

"அது தெரியும். ஆளு எப்படி?"

"அதான் சொல்றேனே. சொந்தம். சொந்தக்காரன் வாயால நல்லது சொல்றது முறையில்லைங்க. வில்லியமே அத ஒத்துக்க மாட்டாரு."

"பரவால்ல, சும்மா சொல்லுங்க. குடி கிடி உண்டா?"

"நான் சொல்லக் கூடாதுங்க."

"உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"அதயும் நான் சொல்லக் கூடாதுங்க. பொதுவான ஆளாப் பார்த்து விசாரிங்க."

சித்தப்பாக்காரர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னாங்க இது, நல்லவரான்னு கேட்டா வேற யாரையாச்சும் கேளுன்றீங்க. ஊட்டுக்காரங்களுக்கே சொல்ல வாய் வரலன்னா, வெளியாள்கிட்ட போயி நாங்க இன்னா கேக்கறது?"

நான் கண்களைத் தாழ்த்திக்கொண்டேன். பெரிய வெள்ளி நாடகத்தில், பழியைக் கை கழுவும் பிலாத்து வேஷம் கட்டிய அனுபவம் கைகொடுத்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே உன் அக்கா, என் மேல் வந்த ஆத்திரத்தில், முந்தானையை வாயில் வைத்து அழுதாள். அவர்கள் அதையும் கேட்டார்கள். என்ன கணக்குப் போட்டார்களோ, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். காப்பி பாதிக்கு மேல் மிச்சம்.

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. உன் கொள்கையை அப்படியே கடைப்பிடித்தேன், அவ்வளவுதான். ஜோன் விஷயத்தில் நீயும் பொய் சொல்லவில்லையே. பேசாமல் இருந்தாய். நானும் பேசாமல் இருந்தேன்.

நீ ஒன்றும் கவலைப்படாதே. நல்ல மாப்பிள்ளையை யாராலும் அமுக்க முடியாது. எப்படியும் கல்யாணம் ஆகிவிடும்.

பெயர் கொடுக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

பவுல்சாமி


மயிலாப்பூர்
28-7-1972

மாமா அவர்களுக்கு,

தரகர் வந்தார். எனக்கு வலிப்பு இருப்பதாக ஆதம்பாக்கத்தில் பேசிக்கொள்கிறார்களாம். இல்லை, திருவொற்றியூரில் ஒரு குடும்பம் இருக்கிறது என்று சித்தப்பாக்காரர் சொல்கிறாராம். நான் திருவொற்றியூருக்கு ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன், அதுவும் தேர்தல் வேலைக்கு. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? வெரோனிகா என்ற அந்தப் பெண் தங்களுக்கு என்ன கெடுதல் செய்தார்? அவருடைய பெயரும் அல்லவா தெருவில் அடிபடுகிறது?

தாங்கள் சிரித்துக்கொண்டே செய்வதாக எழுதினீர்கள். நானும் சிரிக்க முயன்றேன். முடியவில்லை.

இன்னொன்று. என் மேல் உள்ள கோபத்தைக் குழந்தையிடம் காட்டுவது தங்களுக்கு அழகல்ல. மாதத் தேர்வில் ஜோன் பத்துக் கணக்கில் நான்கைத் தப்பாகப் போட்டிருக்கிறாள். தெரியாமல் போட்டவை அல்ல. சரியான விடையை முதலில் எழுதி, அதை அடித்துவிட்டு, பக்கத்தில் தப்பான விடையை எழுதியிருக்கிறாள். அடித்த கோட்டுக்குக் கீழே சரியான விடை நன்றாகத் தெரிகிறது. எனக்குப் பாடம் கற்பிக்கத் தாங்கள்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று நினைக்கிறேன். அவளுடைய எதிர்காலத்தை வைத்து விளையாட வேண்டாம்.

இந்த மாதம் வகுப்பில் நஸ்ருன்னிசாதான் முதல். ஆக, நான் அனுப்பிய பெயர் இப்போது விதிப்படியும் சரியாகிவிட்டது.

வில்லியம்


சாந்தோம்
1-8-1972

வில்லியம்,

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தானாகச் சொன்னாள்.

"நல்லாப் போட்டா சார்மாமாவுக்குக் கஷ்டமா கீதுப்பா."

இன்றைக்கும் உனக்குச் 'சார்மாமா' தான். பள்ளியில் சார், வீட்டில் மாமா, இரண்டையும் சேர்த்து அவள் வைத்த பெயர்.

"அவருக்கு இன்னா கஷ்டம்?" என்றேன்.

"நான் முதல்ல வந்தா, என் பேர ஏன் குடுக்கலன்னு எல்லாரும் அவர கேப்பாங்க. அவரு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுது. ரெண்டாவதா வந்துட்டா யாருக்கும் ஒண்ணும் இல்ல. நஸ்ருக்கும் நல்லது. நீயும் கோயில்ல கத்த மாட்ட."

நாம் இரண்டு பேரும் முழு ஆம்பிளைகள். மாதம் பூராவும் மல்லுக்கு நின்றோம். பதின்மூன்று வயசுப் பிள்ளை உன்னையும் என்னையும் நஸ்ருன்னிசாவையும் சேர்த்து ஒரு கணக்காகப் போட்டு, தன்னைக் கழித்துவிட்டு விடை சொல்லிவிட்டாள். விடை சரியாக வருகிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூளை உள்ள பிள்ளையை யாராலும் அமுக்க முடியாது என்று எழுதினாய். யாரும் அமுக்க வேண்டியிருக்கவில்லை. அவளே அமுக்கிக்கொண்டாள். சரியான விடையை எழுதிவிட்டு அடித்தாள் பார், அந்தக் கோட்டைப் போட்ட கை அவளுடையது. பென்சில் நீ கொடுத்தது.

நேற்றோடு தேதி முடிந்துவிட்டது. இனி உன்னிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் எழுதி வைக்கிறேன். ஆதம்பாக்கம் மட்டும் இல்லை, பல்லாவரம், பெரம்பூர், பரங்கிமலை, எங்கேயிருந்து யார் வந்து உன்னை விசாரித்தாலும் இந்த வாய் திறக்காது. உன் தலை நரைத்து, நீ பல் செட் வைத்துக்கொண்டு பூசைக்கு வரும்போதும் திறக்காது. உன் அக்கா மூன்று நாளாக எனக்குச் சோறு போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். திருப்பிக்கொள்ளட்டும்.

பவுல்சாமி


மயிலாப்பூர்
21-8-1972

மாமா அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன். அந்த விடைத்தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதன் பிறகு வகுப்பில் ஜோன் இருக்கும் பக்கம் திரும்பவே முடியவில்லை. கடந்த சனிக்கிழமை அடையாறுக்குப் போனேன்.

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. அந்த அம்மையார் என்னிடம், "எந்த ஸ்கூல்?" என்று கேட்டார். சொன்னேன். "ஓ, உங்க நாற்காலிதான் அது. உங்க பிள்ளை ஒரு நாள் கூட வரல" என்றார்.

நஸ்ருன்னிசா போகவே இல்லை, மாமா. பெயரை எழுதி அனுப்பியதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். வகுப்பு எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் கூட அவளைக் கேட்கவில்லை. தானாக அவளும் சொல்லவில்லை. பெயர் கொடுத்த சாரிடமே, வகுப்புக்குப் போகவில்லை என்று சொல்லப் பயந்திருக்கிறாள்.

அங்கிருந்து நேராக மீர்சாகிப்பேட்டைக்கு அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா திரைக்குப் பின்னால் நின்று பேசினார். "வயசுக்கு வந்த பொண்ணு சார். அவ்ளோ தூரம் தன்னந்தனியா பஸ்ல எப்படி அனுப்பறது? கூட ஒரு பொண்ணு போனா அனுப்புவேன். ஜோனும் போவான்னுதான் நான் நெனச்சினு இருந்தேன். ஜோன் போகலியா சார்?"



மறுபடி அடையாறுக்குப் போய் அந்த அம்மையாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ராயபுரம், அக்கா மகள், அடித்த விடைகள், எல்லாம். அவர் கேட்டது ஒன்றுதான். "ரெண்டு பேர் இருக்காங்கன்னு அன்னிக்கே வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நான் இல்லைன்னா சொல்லியிருப்பேன்?" கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை, மாமா. ஒருவர் என்றால் ஒருவர் என்று இருந்துவிட்டேன். "உங்க நேர்மைய வச்சி நான் இன்னா பண்றது? எனக்குப் பிள்ளைங்க வேணும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

ஜோனைத் தானே சோதித்துப் பார்ப்பதாகச் சொன்னார். 26ஆம் தேதி இருவரையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறார். நான் சொன்னால் ஜோன் மறுபடி எனக்காக யோசிப்பாள். ஆகவே தாங்கள்தான் அவளிடம் பேச வேண்டும்.

ஆதம்பாக்கத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. இதற்கு அது கூலி என்று தாங்கள் நினைக்கக் கூடாது. ஆனால் அந்தப் பெண்ணின் பெயர் கெடக் கூடாது என்பதற்காகவாவது, எனக்கு வலிப்பு இல்லை என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

வில்லியம்


சாந்தோம்
4-9-1972

மச்சான்,

எல்லாம் முடிந்தது. வரிசையாகச் சொல்கிறேன்.

26ஆம் தேதி லீவு போட்டு இரண்டு பெண்களையும் நானே அழைத்துப் போனேன். பஸ்ஸில் பிரயாணியாக உட்கார்ந்து பழக்கமில்லை, இரண்டு தரம் எழுந்து 'உள்ளே போ' என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா ஜோனைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார். நான் மரத்தடியில் நின்று, தெரிந்த புனிதர்கள் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டேன். அந்த அம்மா வெளியே வந்து, "இந்தப் பொண்ண ஏன் இவ்ளோ நாள் உள்ள வச்சிருந்தீங்க?" என்று என்னைத் திட்டினார். உனக்கு வர வேண்டிய திட்டு. உன் சார்பில் வாங்கிக்கொண்டேன். இரண்டு பேருக்கும் இடம் கிடைத்துவிட்டது.

மறுநாள் ஞாயிறு ஆதம்பாக்கத்துக்குப் போனேன். நீ கேட்கவில்லை என்று எழுதியதால்தான் போனேன், கேட்டிருந்தால் போயிருக்க மாட்டேன். உனக்கு வலிப்பு இல்லை, திருவொற்றியூரும் இல்லை என்றேன். அதோடு நிற்கவில்லை. நீ செய்தது, நான் செய்தது, ஜோன் செய்தது எல்லாவற்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பெண்ணின் அப்பாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "சொந்த அக்கா பொண்ணுக்கே சலுகை காட்டாத மனுஷன், இந்தக் காலத்துல எங்க கிடைப்பான்?" என்று, தேதி குறிக்கக் காலண்டரை எடுத்தார். சித்தப்பாக்காரர் கூட என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அப்போது அந்தப் பெண் வெளியே வந்தாள். நல்ல உயரம். கையில் திருத்திக்கொண்டிருந்த பரீட்சைத் தாளோடு வந்தாள்.

"அந்த ரெண்டாவது பொண்ணு வகுப்புக்குப் போகலன்னு அவருக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

"போன வாரம்தாம்மா. ஆகஸ்ட் பாதிக்கு மேல ஆயிடுச்சி."

"ஜோன் தப்புத் தப்பாப் போடறது?"

"ஜூலையிலயே தெரியும்."

தாளை மடித்து வைத்தாள். "நல்லவருதான். ஆனா பேர எழுதிப் போட்டுட்டு அப்புறம் திரும்பிப் பார்க்காத நல்லவரு. அப்பா, காலண்டர உள்ள வைங்க. முழுப் பரீட்சை முடியட்டும். அது வரைக்கும் அவரு அந்தச் சனிக்கிழமை வகுப்புப் பக்கமே வர வேணாம், அவரு மூஞ்சியப் பார்த்தா ஜோன் மறுபடி விடைய அடிப்பா. அந்தப் பிள்ளைங்க ரெண்டு பேரும் எப்படிப் படிக்கறாங்கன்னு பார்த்துட்டு அவரப் பத்திப் பேசலாம்."

அப்பா கெஞ்சினார். சித்தப்பாக்காரர் கண்ணை உருட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. சனிக்கிழமை எனக்கு டியூட்டி, பிள்ளைகளோடு யார் போவது என்று நான் இழுத்தேன். "நான் போறேன்" என்றாள். "எங்க பக்கம் கார்ப்பரேஷன் இல்ல, பஞ்சாயத்து. எங்க பிள்ளைங்கள ஒருத்தரும் தேடி வர்றதில்ல. அங்க எப்படித் தேடறாங்க, எப்படிச் சொல்லித் தர்றாங்கன்னு நானும் பார்க்கணும்."

ஆக, நீ ஆறேழு மாசம் காத்திருக்க வேண்டும். வெரோனிகா டீச்சர் வாராவாரம் பரங்கிமலையிலிருந்து ரயிலேறி என் வீட்டுக்கு வந்து, உன் அக்கா கையால் காப்பி குடித்துவிட்டு, பெண்களைக் கூட்டிக்கொண்டு போவாள். எவ்வளவு பழி வாங்கலாம் என்று நான் மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். இந்த அளவுக்கு எனக்கு யோசிக்க வந்திருக்காது. படித்தவர்கள் படித்தவர்கள்தான்.

நேற்று முன்தினம் பெண்களுக்கு முதல் வகுப்பு. டீச்சர் வந்து சொன்னதை எழுதுகிறேன். அந்த அம்மா போர்டில் ஒரு கணக்கு எழுதி, யாருக்குத் தெரியும் என்று கேட்டாராம். எல்லாரும் தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தார்களாம். ஜோன் மட்டும் எழுதாமல் போர்டையே பார்த்துக்கொண்டு, கையை மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். நஸ்ருன்னிசா பக்கத்திலிருந்து தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ளி, "தெரியும்ல. சொல்லேண்டி" என்றாளாம், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி. ஜோன் எழுந்து போனாள். சாக்பீஸ் ஒடிந்தது. மிச்சத் துண்டை வைத்துக்கொண்டு போர்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை எழுதினாள். பிறகு அழித்துவிட்டு, அதே கணக்கை வேறு வழியில் இன்னொரு தரம் போட்டாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே போட்டாள். அந்த அம்மா பிள்ளைகளோடு பெஞ்சியில் போய் உட்கார்ந்துகொண்டு பார்த்தாராம்.

அந்த நேரத்தில் நான் சைதாப்பேட்டையில் ஒருவனோடு சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். நானும் பார்க்கவில்லை. அது எனக்கு வருத்தம்தான். ஆனால் நீ பார்க்கவில்லை என்று நினைக்கும்போது உள்ளே ஒரு திருப்தி வருகிறது பார், அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் கூட நான் சொல்லப் போவதில்லை.

பவுல்சாமி